பெட்டி கொடுத்தோம், பூக் கொடுத்தோமா?

நிந்தவூரில் ஒரு வீட்டின் தாழ்வாரத்தில் பலகையால் செய்த தேனீப்பெட்டி ஒன்று கிடக்கிறது. அதற்குள் இப்போது ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறிவந்தபோது கரையோர வளவை இழந்து, பல இடம் அலைந்து, கடைசியில் சற்று உள்ளே வந்து குடியேறிய குடும்பம் அது. சில வருடங்களுக்கு முன் வாழ்வாதார உதவி என்று சொல்லி அந்தப் பெட்டியைக் கொடுத்தவர்கள் நாம்தான். மாசி மாதத்தில் குடியோடு கொடுத்தோம். சித்திரையில் இரண்டு போத்தல் தேன் எடுத்தார்கள். ஆடி பிறந்தபோது பெட்டியில் ஒரு தேனீகூட இல்லை.

பெட்டிகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கப் போனபோது அந்த வீட்டுப் பெரியவர் எம்மைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் தந்து, பிறகு ஒரே ஒரு வசனம் சொன்னார்: "பெட்டியத் தந்தீங்க பாதர், பூவத் தரல்லியே."

அதற்கு அன்று எம்மிடம் மறுமொழி இல்லை. பெட்டி எத்தனை கொடுத்தோம், பயிற்சி எத்தனை நாள் நடத்தினோம் என்ற கணக்கு எமது அறிக்கையில் இருந்தது. ஆனி மாதத்தில் அந்த ஊரைச் சுற்றி எந்த மரம் பூக்கும் என்ற கணக்கு இருக்கவில்லை. எமது அந்தப் பிழையிலிருந்தே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குத் தேனீ நல்ல தொழில் என்பதை நாம் இன்றும் நம்புகிறோம். தேனீ உறுதிக் காணி கேட்பதில்லை. முதல் அதிகம் வேண்டியதில்லை. பெண்கள் வீட்டோடு இருந்து கவனிக்கலாம். ஆனால் அதற்கு முன்பு பூவின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு இப்போது மாறிக்கொண்டும் வருகிறது.

தேனீ ஓடிப்போனது ஏன்?

நமது பெட்டிகளில் வைப்பது நமது நாட்டின் பொந்துத் தேனீ. மரப்பொந்திலும் புற்றிலும் பல வதைகளை அடுக்கிக் கட்டும் இனம். இதை மண்முட்டியில் பிடித்து வளர்ப்பது இலங்கையில் பழைய வழக்கம். இந்தத் தேனீக்கு ஒரு குணம் உண்டு. சாப்பாடு இல்லாத இடத்தில் இருந்து சாகாது. குடியோடு எழும்பிப் போய்விடும். முதலில் வெளியிலிருந்து மகரந்தம் வருவது குறையும். ராணி முட்டையிடுவதை நிறுத்தும். சேர்த்துவைத்த தேனை எல்லாம் குடித்து முடிக்கும். கடைசிக் குஞ்சும் வெளிவந்த பிறகு ஒரு நாள் காலையில் முழுக் குடியும் பறந்துவிடும். பார்ப்பவர்கள் "திடீரென்று போய்விட்டது" என்பார்கள். உண்மையில் ஒரு மாதமாகவே அது மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது.

இடம்பெயர்தல் என்றால் என்னவென்று இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்க முடியாத இடத்தில்தான் எவரும் வீட்டை விட்டு எழும்புவர். தேனீயும் அப்படித்தான். அதை நன்றிகெட்ட பூச்சி என்று ஏசுவதில் பயனில்லை. எது அதைத் துரத்தியது என்று கேட்க வேண்டும்.

பெரிய ஒற்றை வதை கட்டும் பெருந்தேனீ, சிங்களத்தில் பம்பரா என்பார்கள், இதைவிடத் தூரம் போகும். பூக்காலத்தை ஒட்டி அது தாழ்நிலக் காட்டுக்கும் மலைநாட்டுக்கும் இடையில் வருடந்தோறும் போய்வருகிறது என்று கோனிகர் தம்பதியர் இலங்கையில் செய்த ஆய்வு 1980இல் வெளிவந்தது. கல்லோயாக் காட்டை அண்டி வாழ்ந்த வேடர்கள் இதைப் புத்தகம் பார்த்து அறியவில்லை. எந்த மரம் பூத்தால் எந்தப் பாறையில் வதை கனக்கும் என்பது அவர்களுடைய நாட்காட்டியாக இருந்தது. மட்டக்களப்புத் தேசத்தை மீன்பாடும் தேன்நாடு என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தேன் காட்டுப் பூவிலிருந்து வந்தது.

நமது கரையில் பூக்கும் காலம்

இங்குள்ள தேனீயின் வருடத்தை நாம் இப்படிப் பார்க்கிறோம். இது நிந்தவூர், காரைதீவு, அட்டப்பள்ளம், ஒலுவில் பகுதிகளில் மூத்த விவசாயிகளிடம் கேட்டும் பார்த்தும் அறிந்த பொதுக் கணக்கு. வளவுக்கு வளவு சிறிது வித்தியாசம் இருக்கும்.

வருடம் முழுவதும் கை கொடுப்பது தென்னை. நல்ல தென்னை ஏறத்தாழ மாதத்துக்கு ஒரு பாளை விரிக்கும். ஒவ்வொரு பாளையிலும் ஆண்பூக்கள் கிட்டத்தட்ட மூன்று கிழமைக்கு மாறி மாறி விரியும். ஆகவே ஒரு தோப்பில் பூ இல்லாத நாளே இல்லை. தேன் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்; மகரந்தம் தாராளமாகக் கிடைக்கும். தென்னை தேனீயின் அன்றாடச் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாரி ஓய்ந்ததும் தை, மாசி, பங்குனி மாதங்களில் மாவும், கஜு என்கிற மரமுந்திரிகையும் பூக்கும். வேலிக் கிளிசிரியா இலை உதிர்த்துப் பூக்கும். வயல் வரம்பிலும் தரிசிலும் சிறு பூண்டுகள் பூக்கும். இதில்தான் குடி பெருக்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் வேம்பும், இலுப்பையும், நாவலும், அவற்றின் பின் புளியும் வரும். இது தேன் சேரும் காலம். அறுவடைக்குப் பின் எள்ளு, பயறு போட்ட இடங்களில் அந்தப் பூவும் சேரும்.

இதற்குப் பிறகு வருவது கச்சான். ஆனி தொடங்கிப் புரட்டாதி வரைக்கும் மேற்கிலிருந்து வீசும் காய்ந்த காற்று புல்லையும் பூண்டையும் கருக்கிவிடும். தண்ணீர் பாயும் வயலில் நெல் நிற்கும். ஆனால் நெற்பூவில் தேன் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பிறகு பூ விரிந்து மூடும் அந்தச் சில மணி நேரத்தில் தேனீ வந்து மகரந்தம் மாத்திரம் எடுக்கும். அதுவும் ஒரு கண்டத்தில் எல்லோரும் ஒரே வயது நெல்லை ஒரே கிழமையில் விதைத்தால், பூவும் ஒரே கிழமையில் வந்து ஒரே கிழமையில் போய்விடும். கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும் வயல்வெளி தேனீக்கு வனாந்தரம்.

இரண்டாவது பஞ்சம் மாரியில் வருகிறது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில்தான் நமது கரைக்கு வருடத்து மழையின் பெரும்பகுதி விழுகிறது. பூண்டுகள் பூத்தாலும் தேனீ பறக்க முடியாது. பறந்தாலும் பூவிலுள்ள தேன் மழையில் கழுவுண்டு போயிருக்கும். கச்சான் பஞ்சத்தில் பூ இல்லை. மாரிப் பஞ்சத்தில் பூவுக்குப் போக வழியில்லை. இந்த இரண்டையும் தாண்டினால்தான் பெட்டியில் குடி நிற்கும்.

நாற்பது நாள் கணக்கு

பூக்கும் காலம் சற்று முந்தினால் அல்லது பிந்தினால் என்ன குறைந்துவிடும், தேனீ எப்படியும் போய் எடுத்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்கிறார்கள். இது நியாயமான கேள்வி. இதற்கு விடை தேனீயின் வளர்ச்சியில் இருக்கிறது.

ராணி இட்ட முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளிவர ஏறத்தாழ 20 நாட்கள் செல்லும். வெளிவந்தவுடன் அது பூவுக்குப் போவதில்லை. இரண்டு, மூன்று கிழமை வீட்டுக்குள் வேலை: அறை துடைப்பது, குஞ்சுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது, வாசல் காப்பது. அதன் பின்புதான் வெளியே பறக்கும். ஆக, இன்று இட்ட முட்டை பூவுக்குப் போக ஏறக்குறைய நாற்பது நாட்கள் ஆகும்.

இப்போது வேம்பைப் பாருங்கள். சித்திரை முதல் கிழமையில் வேம்பு நன்றாகப் பூத்தால், அதில் வேலை செய்யவேண்டிய தேனீயின் முட்டை மாசி முடிவுக்குள் இடப்பட்டிருக்க வேண்டும். ராணி அப்படி முட்டையிட மாசியில் மகரந்தம் வந்திருக்க வேண்டும். அந்த மகரந்தம் மாவிலும் மரமுந்திரிகையிலும் வரம்புப் பூண்டிலும் இருந்து வருவது. தை மாதம் முழுக்க மழை பெய்து மாம்பூ கருகி உதிர்ந்தால் மாசியில் குடி பெருகாது. வேம்பு வழமைபோலப் பூக்கும். ஆனால் எடுக்க ஆள் இராது. அல்லது மழை முன்னதாகவே நின்று, வெயில் எரித்து, வேம்பு மூன்று கிழமை முந்திப் பூத்தால், குடி இன்னும் பிள்ளை வளர்த்துக்கொண்டிருக்கும்போதே விருந்து முடிந்துவிடும். பூவும் இருந்தது, தேனீயும் இருந்தது, இரண்டும் சந்திக்கவில்லை. பெட்டி வைத்திருந்தவர் "இந்த வருசம் தேன் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

மழை இப்படிப் புரண்டதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2011ஆம் ஆண்டு தையிலும் மாசியிலும் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களை வெள்ளம் மூடியது. கதிர் முற்றி அறுவடையை நெருங்கிய வயல்கள் நீருக்குள் கிடந்தன. 2016இன் கடைசியில் வரவேண்டிய மாரி பொய்த்து, 2017 வரை வறட்சி நீடித்தது. 2024 தையில் மறுபடியும் வெள்ளம். அதே வருடம் கார்த்திகைக் கடைசியில் இன்னுமொரு பெருவெள்ளம். நெல்லுக்கு வந்த நட்டத்தை அதிகாரிகள் ஏக்கர் கணக்கில் எழுதினார்கள். மாம்பூவுக்கும் வரம்புப் பூண்டுக்கும் வந்த நட்டத்தை எழுதுவார் எவருமில்லை.

எல்லாம் காலநிலையா?

எல்லாப் பழியையும் மாறிவரும் காலநிலையின் தலையில் கட்டிவிடுவது சுலபம். அதில் உண்மை இருக்கிறது. முழு உண்மை இல்லை. முன்பு மழை பிந்திய வருடங்களிலும் தேனீ பிழைத்தது. ஒரு மரம் தவறினால் இன்னொரு மரம் இருந்தது. இன்று பஞ்சம் நீளுவதற்குக் காரணம் அந்த இரண்டாவது மரமும் மூன்றாவது மரமும் இல்லாமல் போனதுதான்.

அவை எப்படிப் போயின என்று நினைத்துப் பார்ப்போம். 1949இல் ஆரம்பித்த கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்து எமக்கு நீர் தந்தது. அந்த நீரில்தான் இந்தக் கரையின் நெல் விளைகிறது. அதற்கு நன்றியுடையவர்கள் நாம். ஆனால் பாலையும் வீரையும் முதிரையும் நின்ற காடு பின்வாங்கிப் போனது. 1978 நவம்பர் 23ஆம் திகதிய சூறாவளி மட்டக்களப்பிலிருந்து இந்தப் பக்கம் வரை தென்னந்தோப்புகளைச் சரித்தது. பின்பு யுத்த வருடங்களில் பாதுகாப்புக்கென்று வெட்டிய மரங்களும், அகதியாய் இருந்தபோது அடுப்புக்கென்று வெட்டிய மரங்களும் உண்டு. ஆழிப்பேரலையின் போது உப்புநீர் தேங்கிய வளவுகளில் மாவும் முருங்கையும் பட்டுப்போயின; தென்னை பெரும்பாலும் தாங்கி நின்றது. அலைக்குத் தப்பிய அந்தத் தென்னைகளில் பலவற்றைப் பிறகு கடலரிப்புக் கொண்டுபோனது. 2013இல் திறந்துவைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புக் கட்டப்பட்ட பின், அதற்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரித்துத் தென்னைகள் வேரோடு கடலில் விழுந்ததை நீங்கள் உங்கள் கண்ணாலேயே கண்டீர்கள். காணி போனது, தேங்காய் போனது என்று அப்போது பேசினோம். வருடம் முழுக்கப் பூத்துக்கொண்டிருந்த ஒரு பந்தியும் அங்கே கவிழ்ந்தது.

இதோடு நாமே நமது கையால் செய்வதும் உண்டு. வரம்புக்குக் களைநாசினி அடிப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. மண்வெட்டியால் செதுக்கினால் பூண்டு மறுபடி தளிர்க்கும், பூக்கும். நாசினி அடித்தால் அந்தப் போகத்துக்கு வரம்பு வெறும் மண். கபிலநிறத் தத்திக்கும் பனிப்பூச்சிக்கும் அடிக்கும் மருந்துகளில் இமிடாகுளோபிரிட், தயோமெதொக்சாம் போன்றவை தேனீயையும் கொல்லும். அளவு குறைந்தால் கொல்லாது. வழி மறக்கச் செய்யும். ஐரோப்பிய நாடுகள் 2018இல் இவற்றைத் திறந்தவெளி வயல்களில் பாவிக்கத் தடைசெய்தன. இங்கே அவற்றை நாம் முகமூடிகூட இல்லாமல் அடிக்கிறோம்.

ஏழு நூற்று எழுபத்தைந்து ஏக்கர்

இந்தத் தேனீ பெரும்பாலும் பெட்டியிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள்தான் தீன் தேடும். அந்த வட்டத்தைக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 775 ஏக்கர் வரும். இதை நன்றாக மனதில் வையுங்கள். நீங்கள் பெட்டியை வைப்பது இருபது பேர்ச் வளவில். தேனீ மேய்வது 775 ஏக்கரில்.

பெட்டியைக் கடற்கரையில் வைத்தால் அந்த வட்டத்தில் பாதி கடல். மீதிப் பாதியில் வீதியும் வீடும் போக, மேற்கே வயல். கச்சானில் அங்கே என்ன இருக்கும்? எமது பெட்டிகள் வெறுமையானதற்கு இந்தச் சிறிய கணக்கே போதிய காரணம். இதை முதல் நாளே ஒரு கடதாசியில் கீறிப் பார்த்திருந்தால் பெட்டிகளை வேறு இடத்தில் வைத்திருப்போம், அல்லது குறைவாகக் கொடுத்திருப்போம்.

இதில் இன்னுமொரு பாடமும் இருக்கிறது. தேனீக்கு ஊர் எல்லை தெரியாது. நிந்தவூர்ப் பெட்டியின் தேனீ காரைதீவு வேம்பில் தேன் எடுக்கும். அட்டப்பள்ளத்துத் தேனீ நிந்தவூர்ப் பூசணியைக் காய்க்க வைக்கும். எம்மிடையே 1990இலும் அதன் பின்பும் நடந்தவை எத்தனையோ. அவற்றை மறந்துவிடச் சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு பக்கத்தார் மாத்திரம் மரம் நட்டு, ஒரு பக்கத்தார் மாத்திரம் மருந்தடிப்பதைக் குறைத்து, தேனீயைக் காக்க முடியாது. இது தனிக் குடும்பத்தின் தொழிலாக மட்டும் இருக்க முடியாத தொழில்.

தேன் எம்மிரு சாராரின் வீட்டிலும் மருந்து. குர்ஆனின் பதினாறாவது அத்தியாயத்துக்குத் தேனீயின் பெயரே தலைப்பு. நாம் வாசிக்கும் வேதாகமத்திலும் பாலும் தேனும் ஓடும் தேசம் என்றுதான் நல்ல பூமிக்குப் பெயர். அப்படிப்பட்ட பூமியைத் தேடிப் போனவர்களும் இடம்பெயர்ந்து அலைந்த சனங்கள்தான்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

தென்னிந்தியாவில் 1911 முதல் 1917 வரை நியூட்டன் அடிகளார் என்ற குரு கிராமத்து மக்களுக்குத் தேனீ வளர்ப்பைப் பழக்கினார். நமது சிறிய தேனீயின் அளவுக்கு ஏற்ப அவர் அமைத்த பெட்டி நியூட்டன் பெட்டி என்ற பெயரில் நிலைத்துவிட்டது. 1920களில் கன்னியாகுமரிப் பக்கத்து மார்த்தாண்டத்தில் வை.எம்.சி.ஏ. இந்தத் தொழிலை ஊன்றியது. அங்கே அது வேர் பிடிக்கப் பெட்டி மாத்திரம் காரணமல்ல. சுற்றிலும் றப்பர்த் தோட்டம் இருந்தது. றப்பர் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் தேன் சுரக்கும். அந்தக் காலத்தில் பெட்டிகளைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். பருவமழைப் பஞ்சத்தில் சீனிப்பாகு கொடுத்துக் குடியைக் காப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் கேரளத்திலும் குமரியிலும் குஞ்சுகளைக் கொல்லும் ஒரு வைரசு நோய் பரவிப் பெரும்பாலான குடிகள் அழிந்தபோதும், பூ இருந்தபடியால் தொழில் மறுபடியும் துளிர்த்தது.

இன்னொரு உதாரணம் யப்பானிலிருந்து. கியோத்தோ நகரில் செர்ரி மரம் எந்த நாளில் முழுதாகப் பூத்தது என்று ஆயிரத்து இருநூறு வருடங்களாக நாட்குறிப்புகளில் எழுதி வந்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26ஆம் திகதி பூத்தது; அதுவரையான முழுக் காலத்திலும் அதுவே மிக முந்திய நாள் என்று அவர்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. நமது ஊரில் வேம்பு முந்திப் பூக்கிறதா, பிந்திப் பூக்கிறதா என்று கேட்டால் ஒருவர் முந்தி என்பார், ஒருவர் பிந்தி என்பார். இருவரிடமும் எழுத்து இல்லை. எழுதி வைத்தவனுக்குத்தான் மாற்றம் பிடிபடும்.

நாம் சொல்லவருவது

முதலாவது, பெட்டிக்கு முன் பூக்கொப்பி. தேனீப்பெட்டி கேட்டு வருகிற குழுக்களும், கொடுக்க வருகிற நிறுவனங்களும் முதலில் ஒரு வருடம் ஒரு கொப்பியில் எழுதட்டும். பக்கத்துக்கு ஒரு மாதம். எந்த மரம் பூத்தது, எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் முடிந்தது, அதில் தேனீ இருந்ததா. பாடசாலைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஆசையோடு செய்வார்கள். வருட முடிவில் எந்தப் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றனவோ அவைதான் உங்கள் ஊரின் பஞ்ச மாதங்கள்.

இரண்டாவது, அந்த வெறும் பக்கங்களுக்கென்று நடுவது. முருங்கைத் தடியை நட்டு, கிணற்றடித் தண்ணீரைத் திருப்பிவிட்டால் வருடத்துக்குள் பூக்கும், கச்சானிலும் பூக்கும். துளசியை முளைக்க விடுங்கள். பூசணி, கெக்கரி, பாகல், வத்தகை எல்லாவற்றையும் ஒரே நாளில் போடாமல் இரண்டு கிழமை இடைவெளி விட்டுப் போடுங்கள். இவற்றில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழும். ஆகவே தேனீக்கு இட்ட தீன் உங்கள் சந்தைப் பைக்குத்தான் திரும்பி வரும். எள்ளையும் பயறையும் அப்படியே தவணை வைத்து விதைக்கலாம். கிளிசிரியா வேலியை ஒரே மூச்சில் மொட்டை வெட்டாதீர்கள். முற்றிய கொப்பில்தான் அது பூக்கும்; ஒரு பக்கத்தை மாசி, பங்குனி வரை விட்டுவையுங்கள். வாய்க்கால் கரையிலும் பள்ளிவாசல், கோயில், தேவாலய, பாடசாலை வளவுகளிலும் மருது, புங்கு, இலுப்பை, நாவல், வேம்பு நட வேண்டும். அது நமக்கல்ல, நமது பிள்ளைகளின் பெட்டிக்கு.

மூன்றாவது, கடைசி வதையையும் பிழியாதிருப்பது. வைகாசியில் எடுக்கும் தேனில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள்; அது அவர்களுடைய ஆடி மாதத்துச் சோறு. அதுவும் தீர்ந்தால் சம அளவு சீனியும் நீரும் கரைத்து, மாலைக் கருக்கலில் பெட்டிக்குள் வைக்கலாம். அந்தப் பாகைத் தேனென்று போத்தலில் அடைத்து விற்பது களவு. வாங்குபவர் ஒருமுறைதான் ஏமாறுவார். பக்கத்தில் ஒரு சட்டியில் நீரும், நனைந்து சாகாமல் இருக்கச் சில சுள்ளிகளும் வையுங்கள்.

நான்காவது, மருந்தடிப்புப் பற்றிப் பேசி முடிவெடுப்பது. போகத்துக்கு முன் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் நீர் திறக்கும் திகதியைத் தீர்மானிக்கிறோம். அதே கூட்டத்தில் இன்னும் இரண்டு வரிகள் எழுதலாம்: நெல் பூக்கும் நாட்களில் காலையில் மருந்தடிப்பதில்லை, அவசியமென்றால் மாலையில், வரம்புக்குக் களைநாசினி இல்லை. வட்டவிதானையும் விவசாயப் போதனாசிரியரும் மனம் வைத்தால் செலவே இல்லாத காரியம் இது.

யானைக்குத் தேனீ வேலி போடலாமே என்றும் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கென்யாவில் அது பலன் தந்தது. இலங்கையில் வஸ்கமுவப் பக்கத்தில் பரீட்சித்தும் பார்த்தார்கள். ஆனால் யானை பயப்படுவது பெட்டிக்கு அல்ல, தேனீக்கு. கச்சானில் குடி ஓடிப்போன வெறும் பெட்டியை யானை சுண்டி எறிந்துவிட்டுப் போகும். அங்கேயும் முதலில் பூ.

உறுதியில்லாக் காணியில் யார் வேம்பு நடுவர்?

மக்கள் வீடில்லாமல், தொழிலில்லாமல் இருக்கும்போது தேனீக்கு மரம் நடச் சொல்கிறாரே இந்தப் பாதர் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்த நினைப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. மரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் குடும்பங்கள் எம்மிடம் கேட்பது ஒன்றைத்தான்: "இந்தக் காணி எங்களுக்கு நிரந்தரமா?" கடற்கரையிலிருந்து எழும்பச் சொன்னார்கள். கொடுத்த இடத்தில் பெர்மிட் இல்லை. பழைய வயலுக்குப் போனால் வேறு ஒரு திணைக்களத்தின் கல் நடப்பட்டிருக்கிறது. நாளை எழும்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகக்கூடியது பெட்டி. வேம்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால்தான் மீள்குடியேற்றக் கிராமங்களில் பெட்டியும் கோழிக்கூடும் இருக்கின்றன, மரம் இல்லை. ஆடி வெயிலில் நிழலும் இல்லை, பூவும் இல்லை.

ஆகவே எமது கருத்தின் கூர்மையான பகுதியை அதிகாரிகளுக்கும் உதவி நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழ்வாதாரம் என்று பெட்டி கொடுப்பது எளிது. படம் எடுக்கலாம், அறிக்கையில் எண்ணிக்கை காட்டலாம். ஆனால் காணிக்கு உறுதி இல்லாத குடும்பம் பத்து வருடத்தில் பூக்கும் மரத்தை நடாது. மரம் இல்லாத ஊரில் தேனீ நில்லாது. பெட்டிக்குச் செலவிடும் பணத்தோடு, அந்தக் குடும்பத்தின் காணிப் பத்திரத்துக்காகப் பிரதேச செயலகத்தின் படி ஏறும் சிரமத்தையும் நாம் எல்லோரும் சேர்ந்து எடுக்க வேண்டும். குடியேற்றத்துக்கென்று புல்டோசர் இறக்கும் முன், நிற்கும் மரங்களில் எவற்றை விடுவது என்று அங்கே குடியேறப் போகிறவர்களிடம் கேட்க வேண்டும். உறுதி வரும் வரை தடி ஊன்றிப் பூக்கும் முருங்கையும், மூன்று மாதத்தில் பூத்து முடியும் எள்ளும் பயறும் இருக்கின்றன. அவற்றைக்கொண்டு தொடங்கலாம். அங்கேயே நின்றுவிடக் கூடாது.

நிந்தவூர்ப் பெரியவரின் வீட்டுக்கு அண்மையில் மறுபடியும் போனோம். கோழி அடையிலிருந்து எழும்பவில்லை. அவரது பேத்தி ஒரு பாடசாலைக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் தை என்று எழுதி, கீழே மூன்று வரிகள்: பக்கத்து வளவு மாமரம், வேலிக் கிளிசிரியா, தென்னை. ஒவ்வொன்றுக்கும் நேரே திகதி. இந்த முறை நாம் பெட்டி ஒன்றும் கொண்டுபோகவில்லை. முருங்கைத் தடி நான்கு கொண்டுபோயிருந்தோம்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கொப்பி தொடங்குங்கள். பக்கங்கள் நிரம்பியதும் ஒரு பிரதியை எமக்கு அனுப்பிவையுங்கள். பல ஊர்களின் கொப்பிகள் ஒன்றாகச் சேர்ந்தால், எந்த ஊரில் எந்த மாதம் எந்த மரத்தை நடுவது என்ற அட்டவணையை இந்தப் பக்கங்களிலேயே வெளியிடுவோம். பெட்டியைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.